ஏழாவது பிராசஸர்

பக்கவாதம் வந்ததிலிருந்து வெங்கிடசாமியின் மூளைக்குத் துணையாக, கட்டிலடியில் எட்டு பிராசஸர் உள்ள ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அதை இயக்கும் பழைய ஃபர்ம்வேர் இந்த மாதத்தோடு நின்றுவிடும் என்று தகவல் வந்ததால், புதியதை ஏற்ற டெக்னீஷியன் மெர்லின் கோவில்பட்டி வீட்டுக்கே வந்திருந்தாள். அவரைத் தூங்கவைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஏழாவது மட்டும் மூன்று தடவை முயன்றும் மசியவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஓடும்மா. ஏழாவதை விட்டுட்டு மத்ததை எழுப்புறேன்."

"அதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள் அவர் மனைவி ரங்கநாயகி.

"யாருக்கும் தெரியாதும்மா. எழுப்பினாத்தான் தெரியும்."

"அப்ப பழசையே போட்டிரு தாயி."

"புதுசு ஏறிட்டா பழசு இனிமே ஏறாது. இப்படியே விட்டா ஐயா கண்ணே திறக்கமாட்டார்."

ரங்கநாயகி கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

விழித்தவர் நன்றாகவே இருந்தார். மனைவி பெயரைச் சொன்னார், கல்யாணமான வருஷத்தைச் சொன்னார், வலது கையைத் தூக்கிக் காட்டினார். "நல்லபடியா முடிஞ்சுதும்மா," என்று மெர்லின் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

ரங்கநாயகிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பசிக்கிறதா என்று தெலுங்கில் கேட்டாள். அந்த வீட்டுக்குள் அவர்கள் இருவரும் தங்களுக்குள் வேறு பாஷை பேசியதே இல்லை.

அவர் அவள் வாயையே பார்த்தார். "என்ன சொல்ற? ஒண்ணும் விளங்கலையே."

அவள் மெதுவாக மறுபடி சொல்லிப் பார்த்தாள். அவர் கண் கலங்கிவிட்டது.

நாற்பது வருஷத்தில் முதல்முறையாக ரங்கநாயகி புருஷனிடம் தமிழில் பேசினாள். கடைக்காரரிடம் பேசுவதுபோல் இருந்தது.

"சாப்பிட வாங்க," என்றாள்.

உடனே எழுந்து வந்தார்.