கமாவை விழுங்கியவன்

மூன்றாவது குத்தில் தோர்கிலின் மூக்கு உடைந்தது. பிரேபெனின் கை நடுங்கியது. தம்பியைப் பறிகொடுத்தவனுக்குக் கோபம் இப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டான்.

டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்தில் மூடிக் கிடந்த மீன் கிடங்கு அது. கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, தான் கூப்பிடாமல் எவனும் கிட்டே வரக்கூடாது என்று ஆட்களை விரட்டியிருந்தான்.

"சொல்லுடா! கடத்தல் பெட்டி தூக்குற கிரேனுக்கு நீதானே புரோகிராம் எழுதினே? கம்பி வடம் எப்படிடா அறுந்துச்சு? என் தம்பி யெப்பே நசுங்கிச் செத்தானே!"

கட்டிப் போட்ட நாற்காலியில் தோர்கில் ரத்தத்தைத் துப்பினான்.

"பெட்டி ஒன்றரை டன். நம்ம ஊர் வழக்கப்படி ஒன்னு, கமா, அஞ்சுன்னு அடிச்சாங்க. கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்து. அதை எண்ணா மாத்துற இடத்துல நான் இங்கிலீஷ்காரன் முறையை வச்சிட்டேன். அவனுக்குப் புள்ளிதான் தசமம். கமாவை விழுங்கிடுவான். பதினஞ்சு டன்னுன்னு நினைச்சு முழு பலத்தோட இழுத்திருக்கு, வடம் தாங்கல."

"ஒரு கமாவுக்கா என் தம்பி செத்தான்?"

இரும்புக் கம்பி தோர்கிலின் முழங்காலில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் பிரேபெனுக்குப் போதவில்லை. இன்னொரு காலிலும் போட்டான்.

"என் சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் பம்பு பண்ணிக் குடுத்தியே, அது மட்டும் பிசகாம ஓடுது! காலையில்கூட அதை ஓட்டுற என் போனை வாங்கிச் சரிபார்த்தே. முதலாளி உடம்புன்னா கணக்கு ஒழுங்கா வருது, என் தம்பி உசிருன்னா கமா, புள்ளியா?"

"யெப்பே செத்த அன்னிக்கே தெரியும், நீங்க என்னைத் தேடி வருவீங்கன்னு." தோர்கில் மூச்சு வாங்கினான். "மத்தியானம் சாப்பிட்டாச்சா, பிரேபென்?"

பிரேபெனுக்குச் சிரிப்பு வந்தது. சாகப்போகிறவன் கேட்கிற கேள்வியா இது? "கறுப்பு ரொட்டி, ஊறுகாய் மீன். வழக்கம்போல போன்ல நாலரை யூனிட் இன்சுலின் அழுத்திட்டுத்தான் உட்கார்ந்தேன். உனக்குத்தான் இனி சாப்பாடு கிடையாது."

கம்பியைத் தலைக்கு மேல் ஓங்கினான். அந்தக் கிடங்கின் குளிரிலும் அவன் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. கண் இருட்டியது. கம்பி கை நழுவித் தரையில் உருண்டது, முழங்கால்கள் மடங்கின.

பூட்டிய கதவை நோக்கித் தவழப் பார்த்தான். சாவி எந்தப் பையில் இருக்கிறது என்பதே நினைவுக்கு வரவில்லை. கூப்பிட வாயெடுத்தான், நாக்கு குழறியது.

உடைந்த கால்களோடு தோர்கில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிரேன்ல நடந்தது கைத்தவறு. நீ அழுத்தின நாலரையை நாப்பத்தஞ்சா ஆக்கினது கைத்தவறு இல்ல, பிரேபென்."