சரணம் மட்டும் பாக்கி

மழை இல்லை; வெயிலும் இறங்கிவிட்டது. ஆனாலும் கையில் குடையோடு, மாட வீதிச் சந்தில் அந்த மாடி ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தான் காஸ்பர். கொஞ்ச நாளாகவே சாயங்காலமானால் அவன் அங்கேதான்.

மேலே கிராமபோன் பாடத் தொடங்கியது. குடையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினான். விரல்கள் குடைக் கம்பைத் தடவின.

"இன்னா நைனா, இன்னிக்கும் வந்துட்டியா? பொண்ணு கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனாள் தயிர்க்கார முத்தம்மா.

காஸ்பரின் காது சிவந்தது.

சரணம் வந்ததும் உதட்டைக் கடித்துத் தலையை ஆட்டினான். பாட்டு முடிந்தது. வழக்கம்போலச் சரணம் மட்டும் இன்னொரு தரம் ஒலித்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. வீட்டுக்காரர் சுயம்புலிங்கம்.

"யாருடா நீ? எம்பொண்ணு ஜானகிக்காகத்தானே இங்கே தவம் கிடக்குறே?"

"ஐயோ சார்! ஜானகின்னு ஒருத்தர் இருக்கிறதே எனக்குத் தெரியாது. பாட்டுக்காக வந்தேன்."

"பாட்டா?"

"கிட்டார் வாசிப்பேன் சார். சனிக்கிழமை சாந்தோம்ல ஒரு கல்யாணம். இந்தப் பாட்டை வாசிச்சாத்தான் பவுல்சாமி மாஸ்டர் பேண்டுல சேத்துக்குவாரு. எங்கிட்ட ஏது கிராமபோன்? காதால கேட்டுத்தான் பிடிக்கணும்." குடையைக் குறுக்கே பிடித்து, கம்பில் விரல் வைத்துக் காட்டினான். "பல்லவி வந்துடுச்சு. சரணம்தான் உதைக்குது. இன்னும் ரெண்டு தரம் கேட்டாப் போதும் சார்."

சுயம்புலிங்கத்தின் பிடி தளர்ந்தது. "ஒரு தரம்கூட மேல நிமிர்ந்து பார்த்ததில்லை?"

"மாதா மேல ஆணை சார்! மேல எந்தப் பொண்ணு இருந்தா எனக்கென்ன? எனக்குப் பாட்டுதான் வேணும்!"

பயத்தில் கத்திவிட்டான். சந்து முழுக்கக் கேட்டது.

பெரியவரின் முகம் மலர்ந்தது. "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். யுத்த காலம், கிராமபோன் ஊசி கிடைக்கலேன்னு நான் அந்தப் பெட்டியைத் தொடுறதே இல்லை. அவதான் சாயங்காலமானா இதே பாட்டை வச்சுத் தேய்ப்பா. வா தம்பி, உள்ளே வந்து சவுகரியமா உக்காந்து கேளு."

கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். காஸ்பருக்குக் கண் கலங்கியது. இனிச் சனிக்கிழமையைப் பற்றிப் பயமில்லை.

சுயம்புலிங்கம் மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார். "ஜானகி! அந்தப் பாட்டை இன்னொரு தரம் வைம்மா. பாவம், இந்தப் பையன் அதுக்காகத்தான் வந்தானாம்."

மேலே ஜன்னல் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

"அந்த ரெக்கார்டு உடைஞ்சுபோச்சுப்பா" என்றாள் ஜானகி.

அதற்கப்புறம்தான் அது உடைகிற சத்தம் கேட்டது.