எண்ணெய் விட்ட ஷட்டர்

"மெக்கானிக் இல்லியாம்மா?"

கடைக்குள் வந்தவர், எதிரில் உட்கார்ந்திருந்த தைலம்மாளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நான்தான் சார் மெக்கானிக்."

"நீயா?"

மஞ்சக்குப்பத்தில் கேமரா ரிப்பேர் கடை போட்ட இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ 'நீயா'க்களைக் கேட்டாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

வந்தவர் பெயர் சுப்பிரமணியனாம். சிதம்பரத்திலிருந்து காரில் வந்திருக்கிறார். கூடவே ஒரு வழுக்கைத் தலைக்காரரும், கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஓர் அம்மாளும். அவர்கள் இரண்டு பேரும் வாயே திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள்.

சுப்பிரமணியன் பையிலிருந்து ஒரு ஃபிலிம் கேமராவை எடுத்து வைத்தார். ஐம்பது வருஷப் பழசு. ஜெர்மன்காரன் செய்தது.

"பட்டனை அழுத்துனா ஷட்டர் பாதி தொறந்து அப்படியே ஒட்டிக்குது. மெட்ராஸ்ல ரெண்டு பேர் பாத்துட்டு ஆவாதுன்னுட்டாங்க. உன்னால ஆவுமா?"

தைலம்மாள் வாங்கி ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"ஆவும் சார். உக்காருங்க, இப்பவே பண்ணித் தரேன்."

அவர் உட்காரவில்லை. மேஜைக்கு எதிரிலேயே நின்றார்.

"என்ன படிச்சிருக்கே?"

"பத்தாவது."

"பத்தாவது படிச்சிட்டு இதுல கை வைக்கப் போறியா?"

"பாண்டியில ஒரு கேமரா கடையில ஒம்பது வருஷம் வேலை பாத்தேன் சார். அங்க யாரும் மார்க் ஷீட் கேக்கல. கேமராவைத்தான் நீட்டுனாங்க."

பேசிக்கொண்டே முன்பக்கத்து லென்ஸைக் கழற்றிவிட்டாள். உள்ளே தாள் போல ஐந்து மெல்லிய தகடுகள், ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தன.

"எவனோ எண்ணெய் விட்டிருக்கான்."

"எண்ணெய் விட்டா நல்லதுதானே?"

"கதவுக் கீலுக்கு நல்லது சார். இது கண்ணு இமை மாதிரி. இமையில பிசின் அப்பிக்கிட்டா கண்ணைத் தொறக்க முடியுமா?"

பெஞ்சிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

"எந்த ஊரு நீ?"

"இங்கதான், தேவனாம்பட்டினம்."

"மீன் பிடிக்கிற வீடா? வலையைப் பிடிச்ச கைக்கு இந்த நைஸ் வேலையெல்லாம் வருமா?"

தைலம்மாளுக்கு, கேமராவை அப்படியே நீட்டி, 'கெளம்புங்க' என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. ஆனால் இந்தக் கேமரா என்ன பாவம் செய்தது?

"வலையில ஒரு கண்ணி அறுந்தாலும் எங்கப்பா விடமாட்டாரு சார். அதைவிட நைஸ் வேலை இதுல ஒண்ணுமில்ல."

எண்ணெயைக் கரைக்கும் ஒயிட் பெட்ரோலைப் பஞ்சில் தொட்டுத் தகடுகளைத் துடைத்தாள். பட்டனை அழுத்தினாள்.

க்ளிக்!

"காயட்டும் சார். பொறவு பாப்போம்."

ஐந்து நிமிஷம் கழித்து அழுத்தினால், பழையபடி பாதியில் நின்றுவிட்டது.

"நெனச்சேன்" என்றார் சுப்பிரமணியன். "புள்ளகுட்டிங்க இருக்கா? பாதி வேலையில போட்டுட்டு வீட்டுக்கு ஓடிட மாட்டியே?"

"ரெண்டு பொண்ணுங்க. ரெண்டும் ஸ்கூலுக்குப் போயிருக்கு. எடுத்த வேலைய முடிக்காம நான் எழுந்து போனதில்ல சார்."

முகம் ஜிவுஜிவு என்று எரிந்தது. குரல் மட்டும் ஏறவில்லை.

"கரைஞ்ச எண்ணெய் திரும்பப் படியுது. அது போற வரைக்கும் தொடைக்கணும், அவ்ளோதான்."

இரண்டாம் தடவை துடைத்தாள். ஒட்டியது. மூன்றாம் தடவை புதுப் பஞ்சு, புதுப் பெட்ரோல். தகடுகளின் ஓரத்தை ஊசி முனையில் சுற்றிய பஞ்சால் ஒற்றி எடுத்தாள். காயவிட்டு, லென்ஸை மாட்டிக் கேமராவை அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே அழுத்துங்க."

க்ளிக். க்ளிக். க்ளிக். இருபது தடவை அழுத்தினார். ஒரு தடவைகூட ஒட்டவில்லை. கேமரா வழுக்கைத் தலைக்காரரிடம் போனது. அவர் கைக்கும் ஒட்டவில்லை. அந்த அம்மாள் தானாகவே எழுந்து வந்து கை நீட்டினார்.

"ஷட்டர் ஸ்பீடை ஒரு செகண்டுல வெச்சி அழுத்துங்கம்மா. உள்ள கிர்ருன்னு ஒரு சத்தம் வரும்."

கிர்ர்ர்... க்ளிக்!

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தடவை அழுத்திக் காதில் வைத்துக் கேட்டார். வழுக்கைத் தலைக்காரர் அவரைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையசைத்தார்.

"திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்குக் காலேஜுக்கு வந்துடும்மா. ஆர்டர் ரெடியா இருக்கும்" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

"என்ன ஆர்டர் சார்?"

"எங்க காலேஜ்ல கேமரா லேப் டெக்னீஷியன் வேலைக்கு மனு போட்டிருந்தியே! நான் பிரின்சிபால். இவுங்க செக்ரட்டரி."

மூன்று மாசமாகப் பதிலே வராததால் அவளே மறந்துபோயிருந்த மனு. தைலம்மாளுக்கு எழுந்து நிற்கக்கூடத் தோன்றவில்லை. இருவரும் காருக்குப் போய்விட்டார்கள். கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் மட்டும் சிரித்தார்.

"அந்த லேப் என் பொறுப்புலதாம்மா இருக்கு. நாப்பது கேமரா உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

'நீ' எப்போது 'நீங்க' ஆனது? அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வேலை குடுக்க வந்தவரு, ஏன் சார் என்னைய அப்படிக் குத்திக் குத்திக் கேட்டீங்க?"

அவர் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுல ஒண்ணுகூட என் கேள்வி இல்லம்மா. எல்லாம் உங்க மனுவைத் தள்ளிவிட அவுங்க ரெண்டு பேரும் மீட்டிங்ல கேட்டது. அங்க எனக்குப் பதில் சொல்லத் தெரியல... அதான் கேட்டவுங்களையே உங்ககிட்ட கூட்டிக்கிட்டு வந்தேன்!"