நாலு பக்கமும் அடைத்த இடம்

கோடை தொடங்கியதும் மிருகங்கள் கூடிப் பேசி, புல்வெளியில் ஒரு பலகை நட்டன. "திறந்தவெளியில் தீ மூட்டக் கூடாது" என்று அதில் எழுதியிருந்தது. காவலுக்குக் கழுதையை நியமித்தன.

மறுநாளே கீரி வந்தது. "அண்ணே, என் வளை வாசல்ல ஒரே சருகு. கொளுத்திடட்டுமா?"

"திறந்தவெளியில் கூடாது" என்றது கழுதை.

கீரி போய், சருகுக் குவியலைச் சுற்றி நாலு பக்கமும் தென்னங்கீற்றால் தட்டி கட்டியது. மேலேயும் இரண்டு கீற்றுகளைப் போட்டு மூடியது. "இப்போ சரியா அண்ணே?"

கழுதை ஒரு சுற்று வந்து பார்த்தது. எந்தப் பக்கமும் திறப்பு இல்லை. "இது திறந்தவெளி இல்லை. தாராளமாகக் கொளுத்து."

பக்கத்து ஈச்சமரத்தில் கூடு கட்டியிருந்த தூக்கணாங்குருவி பதறியது. "ஐயா, கீற்றே பற்றிக்கொள்ளுமே! என் குஞ்சுகளுக்கு இன்னும் இறகுகூட முளைக்கவில்லை."

"பலகையில் கீற்றைப் பற்றி ஒன்றும் இல்லையம்மா" என்றது கழுதை.

கீரி தீ வைத்தது. முதலில் கூரை போனது. பிறகு நாலு தட்டிகளும் போயின. தீ புல்லில் இறங்கி ஈச்சமரத்தைப் பிடித்தது. கீரி ஓடிவிட்டது.

கழுதை மறுபடியும் ஒரு சுற்று வந்து பார்த்தது. அண்ணாந்தால் வானம் தெரிந்தது.

"இப்போது இது திறந்தவெளி. தீயை உடனே அணைக்க வேண்டும்" என்று தீயைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னது.

குருவி எரியும் கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

"கத்தாதே அம்மா" என்றது கழுதை. "அதுதான் நடவடிக்கை எடுத்தாயிற்றே."