கரடியின் விலை

அரசர் பிறந்தநாள். நெதர்லாந்தின் யூத்ரெக்ட் நகர வீதியெங்கும் ஆரஞ்சுத் தோரணங்கள் படபடக்க, பிள்ளைகள் போர்வை விரித்துப் பழைய பொம்மைகளை விற்கிறார்கள். சக்கரக் காலணி வாங்கியே தீருவது என்று எட்டு வயது ஃபென்னாவும் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறாள். அவள் பரப்பியதில் அந்தக் கம்பளிக் கரடியும் கிடப்பதை அம்மா ஹன்னகே இப்போதுதான் பார்க்கிறாள். இவளை வயிற்றில் சுமந்தபோது பின்னியது. குனிந்து எடுக்கிறாள், ஒரு காது தொங்குகிறது.

"இதை விக்காதடி. அம்மாகிட்ட குடுத்துடு."

"ரெண்டு யூரோ."

"அடிப்பாவி, நான் பின்னினதுடி! ஒண்ணு தரேன்."

"கையில எடுத்தவங்க கீழ வைக்கலைன்னா விலையக் குறைக்காதேன்னு காலையில யாரு சொல்லிக் குடுத்தா?"

ஹன்னகேயின் கை கரடியை விடவில்லை. மறு கை பர்ஸைத் தேடுகிறது.