கைநாட்டு வைக்காத பொன்னியம்மா

“கைநாட்டு வைக்க மாட்டேன் சார்” என்றாள் பொன்னியம்மா. இது நாலாவது தடவை.

வக்கீல் ஜெயச்சந்திரனுக்கு எரிச்சல் வந்தது. சித்தூரில் விடியற்காலை புறப்பட்டு, சத்தியவேடு தாண்டி, இந்த இருளர் காலனிக்கு மண் ரோட்டில் இடுப்பு நோகக் குலுங்கி வந்தது இதைக் கேட்கத்தானா?

“இதோ பாரும்மா. தேள் கடிக்கு நீ அரைச்சுப் பூசற வேரை, தானே கண்டுபிடிச்ச மாதிரி ஒரு சென்னைக் கம்பெனி பேட்டன்ட் வாங்கப் பாக்குது. ‘இது எங்க காலனி மருந்து, எங்களைக் கேக்காம எடுத்துட்டாங்க’ன்னு நீ எழுதிக் குடுத்தா தடுத்துடலாம். நாளைக்குக் கடைசித் தேதி. விட்டா போச்சு.”

“தெரியும் சார். அதான் மத்ததெல்லாம் சொன்னேனே. நீயும் எழுதிக்கினியே.”

சொல்லத்தான் செய்தாள். எந்த மாதம் தோண்டுவது, எதோடு சேர்த்து அரைப்பது, அவள் அம்மாவுக்கு அதை யார் சொன்னது, எல்லாம் மளமளவென்று வந்தது. ஏழாவது கேள்வியில்தான் வாய்க்குப் பூட்டு. ‘வேரின் பெயரை வெளியாள் யாருக்குச் சொன்னீர்கள்?’

“அதைக் காலியா விட்டா மனு நிக்காதும்மா. கம்பெனி கைக்கு எப்படிப் போச்சுன்னு காட்டணும்.”

“அப்ப மனுவே வாணாம் சார்.”

ஜெயச்சந்திரன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காத புது மிக்சி. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“கம்பெனிக்காரன் நமக்கு முன்னாடி வந்துட்டுப் போயிருக்கான் மேடம்” என்றார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹன்னாவிடம்.

ஹன்னா திருப்பதியில் தாவரவியல் லெக்சரர். இந்தக் காலனி மருந்துகளைப் பற்றி எழுதித்தான் டாக்டர் பட்டம் வாங்கினாள். பழகிய முகம் என்று வக்கீல்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார்.

“இருக்கலாம் சார். பாவம், படிக்காதவங்க. ஒரு மிக்சியைக் காட்டினா மயங்கிடுவாங்க” என்றாள் ஹன்னா.

அது பொன்னியம்மாவின் காதில் விழுந்தது. அவள் கோபப்படவில்லை.

“மிக்சி எம் புள்ள கிரண்குமாரு வாங்கினது சார். ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில வேலைக்குப் போய்க்கினு இருக்கான்.” பிறகு வக்கீலைப் பார்த்துச் சொன்னாள். “எங்க ஊட்டுல வேர் பேரைப் பொண்ணுக்குத்தான் சொல்லணும். எனக்குப் பொண்ணு பொறக்கல. பொண்ணு இல்லாதவ, ஒருத்தியக் கூட உக்கார வச்சி ஒரே தட்டுல சோறு துன்னணும். துன்னா அவதான் பொண்ணு. அப்படித்தான் ஒருத்திக்குச் சொன்னேன். பெத்தவளே பொண்ணு மேல கேஸு எழுதுவாளா?”

“உன் பொண்ணு உன்னையே வித்துட்டாளேம்மா.”

“வித்தாளோ, அவ எழுதி வச்சதைப் பாத்து எவனாச்சும் எடுத்துக்கினானோ. எனக்கென்னா தெரியும்?”

ஜெயச்சந்திரன் ஃபைலை மூடினார். “இவங்களுக்கு நல்லது செய்ய வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்” என்று முணுமுணுத்தபடி ஜீப்புக்கு நடந்தார்.

ஹன்னா எழுந்திருக்கவில்லை. வெளியே ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அவளால் பொன்னியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பொன்னியம்மா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பயப்படாம போய்ட்டு வாம்மா. அந்தக் காயிதத்துல உம் பேரு ஏறாது.”