வாரம் ஒரு டிக்கெட்

"இந்த வாரமும் அம்பது ரூபா குறையுது," என்றான் சுடலைமணி.

அவன் மனைவி காளியம்மை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டில் நோட்டு வெளியே வந்துவிடும். கொச்சி பிராட்வேயில் அவன் வேலை பார்க்கும் துணிக்கடையில் ஆளைக் குறைத்து, மிச்சமிருந்தவர்களின் சம்பளத்தையும் குறைத்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு. வாடகை, நகைக்கடன் வட்டி, மகள் மஞ்சுஷாவின் நர்சிங் காலேஜ் ஃபீஸ் என்று எழுதி, எதை வெட்டலாம் என்று பார்ப்பான். கேபிள் போனது. பால் போய்க் கட்டன் சாயா வந்தது. தன் பீடியையும்தான் விட்டான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

காளியம்மைக்கு ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறை கூட்டித் துடைக்கிற வேலை. அந்தக் கூலியில் வாரம் ஐநூறு, மகளின் பரீட்சை ஃபீஸுக்கென்று டப்பாவில் விழ வேண்டும். நாலு மாசமாக நானூற்றைம்பதுதான் விழுகிறது. ஃபீஸ் கட்ட இன்னும் எட்டே நாள்.

முதலில் சோப்பு என்றாள். பிறகு பஸ் டிக்கெட் என்றாள். அவன் விடவில்லை. மட்டாஞ்சேரி ஜெட்டியில் லாட்டரி விற்கிற பெண்ணிடம் அவள் பணம் கொடுத்ததைப் பக்கத்து வீட்டு ரதீஷ் பார்த்துச் சொல்லியிருந்தான்.

"லாட்டரிக்காரிகிட்ட உனக்கு என்ன வேலை?"

"டிக்கெட் வாங்கினேன்."

"வாரா வாரமா?"

"ஆமா. வாரம் ஒண்ணு."

வாங்கிய டிக்கெட்டெல்லாம் எங்கே என்று கேட்டான். ஒன்றும் அடிக்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன் என்றாள். அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம்கூடப் பயமில்லை. அதுதான் அவனைக் கிளப்பிவிட்டது.

"உனக்கென்ன பிராந்தா? நாலு மாசமா புள்ளையோட ஃபீஸ் பைசாவுல சூதாடியிருக்கே. நீயெல்லாம் ஒரு தாயா?"

அந்தக் கடைசிக் கேள்வி உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மஞ்சுஷாவின் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து அவளும் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காளியம்மை எப்போதும்போலக் கஞ்சி வைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள்.

சனிக்கிழமை சுடலைமணி அரைநாள் கூலியை இழந்து ஜெட்டிக்குப் போனான். காளியம்மை வருவதற்கு முன்னால் அந்த லாட்டரிக்காரியை நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று எண்ணம். என்னென்ன கேட்க வேண்டும் என்பதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஜெட்டி வாசலில், நல்ல வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் டிக்கெட் செருகிய அட்டை.

"இனிமே என் பொண்டாட்டிக்கு நீங்க டிக்கெட் விக்கக்கூடாது," என்று ஆரம்பித்தான்.

அவள் துண்டை விலக்கி நிமிர்ந்து பார்த்தாள். அம்மிணி. குழந்தைசாமியின் மனைவி.

சுடலைமணியின் நோட்டில் எல்லாக் கடனும் இருந்தது, ஒன்றைத் தவிர. மகளின் அட்மிஷனுக்காக சொசைட்டி பேங்கில் எடுத்த ஒன்றரை லட்சம். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கும் குழந்தைசாமிதான் சம்பளச் சர்ட்டிபிகேட் கொடுத்து ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஏழு தவணை கட்டியதோடு சுடலைமணி நிறுத்திவிட்டான். அதன்பிறகு அவர்கள் வீடு இருக்கும் இந்த ஜெட்டிப் பக்கமே அவன் வந்ததில்லை.

"உக்காரு தம்பி," என்றாள் அம்மிணி.

அவனுக்கு உட்கார வரவில்லை. "காளி உங்ககிட்டதான் டிக்கெட் வாங்குறாளா அக்கா?" என்றான்.

"டிக்கெட்டா? ஒரு டிக்கெட்டை அவ தொட்டது கிடையாது. சனிக்கிழமை வருவா. அம்பது ரூபாயை என் கையில வச்சு, 'இந்த வாரத்துக்கு அக்கா'ன்னு சொல்லிட்டுப் போயிருவா."

படகிலிருந்து இறங்கிய ஒருவர் ஒரு டிக்கெட் கேட்டார். அம்மிணி கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நீ கட்டாததை மாசம் நாலாயிரம்னு எங்க வீட்டுக்காரர் சம்பளத்துல பிடிக்கிறாங்க. வீட்டுச் செலவுக்கு எட்டலை, அதான் நான் இந்த அட்டையை எடுத்தேன். ஒருநாள் இந்த வழியா போனவ என்னைப் பார்த்துட்டா. விஷயத்தைக் கேட்டு, இங்கயே நின்னு அழுதா. வாரம் அம்பது கொடுத்தா எந்தக் காலத்துல தீரும், வேண்டாம்னு சொன்னேன். கேக்கலை."

இதை வீட்டில் ஏன் மறைத்தாள், ஏன் இல்லாத பழியைத் தலையில் போட்டுக்கொண்டாள் என்று அவன் தடுமாறித் தடுமாறிக் கேட்டான்.

"நானும் கேட்டேன். 'என்னைச் சூதாடின்னு ஏசினா ஏசட்டும், நான் தாங்கிக்குவேன். தன்னோட கடனுக்காக நீங்க வெயில்ல கிடக்கீங்கன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்கமாட்டாரு'ன்னு சொன்னா."

சுடலைமணியின் கண் கலங்கிவிட்டது. கையைக் கூப்பினான்.

"சம்பளத்துல பிடிக்கிறது சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சிருந்தா சும்மா இருந்திருப்பேனா?"

அம்மிணி துண்டை மறுபடி தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"காளியும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கா தம்பி. முதல் மாசம் பிடிச்ச அன்னைக்கே எங்க வீட்டுக்காரர் உனக்குப் போன் பண்ணிச் சொன்னதை நான் இன்னும் அவகிட்ட சொல்லலை."